நாய்க்குட்டியும் நற்பழக்கமும்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் முற்பட்டது நாயே ஆகும். ஆவும் ஆடும் அவனுடைய தொழுவத்தை அடைவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகட்கு முன்னரே, ஓநாயின் வழித்தோன்றலாகிய அவ்விலங்கு அவன் மூட்டிய தீயின் அருகே வந்து படுத்தது. செருமானிய நாட்டில் பான் நகரையடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில், 1914-ஆம் ஆண்டில், கல் வெட்டுவோர் ஒரு பழம்புதைகுழியைக் கண்டனர். அதில் ஓர் ஆடவன், ஒரு பெண் ஆகிய இருவரின் எலும்புகளோடு ஒரு நாயின் எலும்புகளும் கிடந்தன. ஏறத்தாழ 14,000 ஆண்டுகட்கு முற்பட்ட குழி அது. அந்நாயோ முழு வளர்ச்சி பெறாத குட்டி. இறந்தபோது அதற்கு ஏழு மாதம் நிறையவில்லை. அதன் பற்களை ஆராய்ந்த அறிஞர்கள் 2018-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டனர். பிறந்த ஐந்தாம் மாதத்தில் டிஸ்டெம்பர் என்னும் கொடுநோய் அதனைப் பற்றியிருத்தல் வேண்டும் என்பதும், மனிதர் இடைவிடாது பேணியிராவிடின் அது பின்னும் பல வாரங்கள் உயிர் தாங்கியிராது என்பதும் அவர்தம் முடிவு. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயுற்ற குட்டியொன்றைக் கற்கால மக்கள் ஊட்டியும் துடைத்தும் காத்தனர் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பதாகும்.

தமிழ் நிலத்திலும் நாய்க்குத் தனிச் சிறப்பு உண்டு. விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுத்துரைக்கும் தொல்காப்பிய மரபியல், நாயின் குட்டியைக் ‘குருளை’ என்று கூறும். நெடுநாட் பழகியும் பாகனைக் கொல்லும் யானையினும், தன்னை வருத்திய தலைவனிடத்தும் அன்பு மாறாத நாயே நட்பிற்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்பது நாலடியாரின் கருத்து. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நாய் இனங்கள் தென்பாண்டி நாட்டின் செல்வங்கள். இவற்றுள் வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இராசபாளையம் நாயின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை இந்திய அரசு 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

வளர்ந்த நாயின் நன்றியைப் புகழாதார் இலர். ஆனால் அந்நிலையை அடைவதற்கு முன்னர் அது குருளையாய் இருந்து செய்யும் குறும்புகளைப் பொறுப்பவர் சிலரே. இரவெல்லாம் அழும், கூடத்தை நனைக்கும், செருப்பைக் கடித்துக் குதறும், குழந்தைகளின் கையில் பற்களைப் பதிக்கும். வந்த முதல் வாரம் அதனை மடியிலிருந்து இறக்காதவர், இரண்டாம் வாரம் அதட்டுவர். மூன்றாம் வாரம் அடிப்பர். சிலர் ஒரு மாதம் கழிவதற்குள் ஊர்ப்புறத்தே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவர். இதில் குற்றம் யாருடையது? குட்டி தன் இயல்பின் வழி நடந்தது. அவ்வியல்பை அறிய முற்படாதது மனிதனுடைய குறையன்றோ?

குருளை பிறக்கும்போது அதன் கண்களும் செவிகளும் மூடியிருக்கும். இரண்டு வாரமளவில் கண் திறக்கும். அதனையடுத்துச் செவி திறக்கும். மூன்றாம் வாரந்தொட்டுப் பன்னிரண்டாம் வாரம் ஈறாகவுள்ள காலம் அதன் வாழ்வில் மிக்க சிறப்புடையது. அமெரிக்க நாட்டு மேய்ன் மாநிலத்தில் பல்லாண்டு ஆராய்ச்சி நடத்திய ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர் இருவர், 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கினர். இக்காலத்தில் மனிதரோடு பழகாத குட்டி, பின்னர் மனிதரைக் கண்டால் அஞ்சும். அஞ்சும் நாயே பெரும்பாலும் கடிக்கும். ஆயினும், எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் தகாது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது, அளவு மீறிக் கடித்தால் ஆட்டம் நின்றுவிடும் என்னும் முதற்பாடத்தை அது அங்கே கற்கின்றது.

புதுவீட்டிற்கு வந்த குட்டி முதல் சில இரவுகள் அழுவது இயற்கை. நேற்றுவரை தாயின் வெம்மையில், உடன்பிறப்புகளின் நடுவே உறங்கிய உயிர், இன்று இருளில் தனித்துக் கிடக்கின்றது. அவ்வழுகை அடம் அன்று, அச்சம். தாய் படுத்திருந்த துணியொன்றைக் கேட்டு வாங்கி வந்து, சிறு பெட்டியிலோ கூடையிலோ விரித்து, வீட்டார் உறங்கும் இடத்திற்கு அருகில் வைத்தால் அது விரைவில் அமைதியுறும். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூடையைத் தொலைவிற் கொண்டு செல்லலாம். முதல் நாளே கொல்லைப்புறத்தில் கட்டி வைத்தால் அச்சம் வேரூன்றிவிடும்.

அடுத்து, வீட்டினுள்ளே சிறுநீர் கழிக்கும் தொல்லை. இரண்டு மாதக் குட்டியினால் பகற்பொழுதில் மூன்று மணி நேரத்திற்கு மேல் அடக்கிக்கொள்ள இயலாது. பல வேளைகளில் அவ்வளவு நேரமும் இயலாது. உறங்கி எழுந்தவுடன், உணவு உண்டவுடன், விளையாடி முடித்தவுடன் என இம்மூன்று வேளைகளிலும் அதனைத் தூக்கிச் சென்று முற்றத்தில் ஒரே இடத்தில் விடுதல் வேண்டும். அது தன் கடனை முடித்த அக்கணமே பாராட்டிச் சிறிது தின்பண்டம் அளித்தல் நன்று. தவறி உள்ளே நனைத்துவிட்டால், அதன் மூக்கை அவ்விடத்தில் தேய்க்கும் கொடிய வழக்கம் சிலரிடம் உண்டு. சற்று முன் செய்ததற்காக இப்போது தண்டிக்கப்படுகிறோம் என்பதை உணரும் ஆற்றல் அதற்கு இல்லை. மனிதன் கை தன்னை நோக்கி வந்தால் துன்பம் வரும் என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும். மறுமுறை கட்டிலுக்கடியில் ஒளிந்து கழிக்கும். வாடை எஞ்சாதவாறு அவ்விடத்தை நன்கு கழுவிவிட்டு, அடுத்த வேளை காலந்தவறாது வெளியே அழைத்துச் செல்வதே தக்க வழியாகும்.

கடித்தலுக்கும் காரணம் உண்டு. குருளைக்கு ஊசிபோற் கூரிய 28 பாற்பற்கள் முளைக்கின்றன. நான்காம் மாதமளவில் அவை விழத்தொடங்கி, ஏழாம் மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் தோன்றுகின்றன. அக்காலத்தில் ஈறு வலிக்கும்; எதையேனும் மெல்லவேண்டும் என்னும் வேட்கை எழும். குழந்தை எதையும் கையால் தொட்டறிவது போலக் குட்டி எதையும் வாயால் கவ்வி அறிகின்றது. ஆதலின் மெல்லுதலைத் தடுப்பது இயலாது. மெல்லத்தக்க பொருளைக் கொடுப்பதே இயலும். முடிச்சிட்டு நனைத்த துணி, உறுதியான இரப்பர்ப் பொம்மை ஆகியன ஏற்றவை. பழஞ்செருப்பைக் கொடுத்தல் கூடாது. பழையது இது, புதியது அது என்று பகுத்தறியும் வன்மை அதற்கு ஏது? சமைத்த எலும்பும் ஆகாது. அது சிம்பாய்ப் பிளந்து குடலைக் கிழிக்கும். கையைக் கடித்தால் கூச்சலிட்டுக் கையை வெடுக்கென இழுப்பது, விளையாட்டை மேலும் தூண்டும். அசையாது நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிறிது நேரம் ஆட்டத்தை நிறுத்திவிடுதல் வேண்டும். கடித்தால் ஆட்டம் இல்லை என்பதைச் சில வாரங்களில் குட்டி தானே தெளியும்.

மேலே தாவுதலும் இத்தகையதே. குட்டியாய் இருக்கும்போது அது தாவினால் அள்ளி அணைப்பர். எட்டு மாதத்தில் அதே நாய் தாவிக் கிழவியைக் கீழே தள்ளினால் தடியை எடுப்பர். நேற்றுக் கொஞ்சியதற்கு இன்று அடிப்பது எவ்வகை நீதி? நான்கு கால்களும் தரையில் நிற்கும்போது மட்டுமே தடவிக்கொடுப்பது என்று வீட்டிலுள்ளோர் அனைவரும் முடிவு செய்தல் வேண்டும். தந்தை தடுப்பதைத் தாய் அனுமதித்து, தாய் மறுப்பதைப் பிள்ளைகள் ஒளித்துக் கொடுத்தால், குட்டிக்கு எந்நெறியும் விளங்காது. உணவுத் தட்டின் அருகே உறுமுங் குட்டியிடமிருந்து தட்டைப் பறித்தலும் பிழை. அருகிற் செல்லுந்தோறும் அதனினும் சுவையான ஒரு துண்டைத் தட்டில் இட்டு வந்தால், மனிதன் வருவது பறிப்பதற்கன்று, தருவதற்கு என்பதை அது உணரும்.

இப்பயிற்சிகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. உருசிய நாட்டு அறிஞர் பாவ்லோவ், செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். உணவளிக்குமுன் குறிப்பிட்ட ஓர் ஒலியைப் பலமுறை எழுப்பி வந்தால், பின்னர் அவ்வொலி கேட்ட அளவிலேயே நாயின் வாயில் நீர் ஊறும் என்று அவர் நிறுவினார். இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருமாயின் நாயின் உள்ளம் அவற்றைப் பிணைத்துக்கொள்ளும். ‘உட்கார்’ என்னும் சொல்லும், உட்காரும் செயலும், உடனே கிட்டும் ஒரு துண்டு உணவும் நெருங்கி வருமாயின் பாடம் பதியும். பாராட்டுக் காலந்தாழ்ந்து வருமாயின் பதியாது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் பழக்கினாற் போதும். இளங்குட்டியின் கவனம் அதற்கு மேல் நில்லாது.

இத்தனையும் அறிந்து செய்தும் குட்டி இணங்கவில்லை என்றால், சினங்கொள்வதற்கு முன் காரணத்தைத் தேடுதல் கடமை. இதனை விளக்குதற்கு ஒரு குடும்பத்தின் கதையைக் கூறலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள இராசபாளையத்தில், நூற்பாலைத் தொழிலாளர் ஒருவர் தம் மகனுக்காக வெண்ணிறக் குட்டியொன்றைக் கொணர்ந்தார். சிறுவன் அதற்கு ‘முத்து’ என்று பெயரிட்டான். உண்பதிலும் ஓடுவதிலும் அதற்குக் குறைவில்லை. ஆயினும் ‘முத்து’ என எத்தனை முறை விளித்தாலும் அது திரும்பிப் பாராது. ‘வேண்டாம்’ என்று அதட்டினாலும் தன் செயலை நிறுத்தாது. பக்கத்து வீட்டாரின் குட்டி பெயரைச் சொன்னவுடன் ஓடிவருவதைக் கண்ட சிறுவன் நாணினான். “இது தலைக்கனம் பிடித்த குட்டி” என்றார் தந்தை. சில வேளை மெல்லிய குச்சியால் அடிக்கவும் செய்தார். ஒரு நாள் பிற்பகலில், உறங்கிக்கொண்டிருந்த குட்டியைச் சிறுவனின் தங்கை பின்னாலிருந்து தொட்டாள். அது துள்ளியெழுந்து அவள் விரலைக் கடித்துவிட்டது. குழந்தையின் காயத்தைக் கழுவி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று திரும்பிய தந்தை, விடிந்ததும் குட்டியைக் கொண்டுபோய் மலையடிவாரத்தில் விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். சிறுவன் அன்றிரவு உண்ணவில்லை.

வைகறையில் அடுக்களையில் இருந்த பாட்டியின் கையிலிருந்து பித்தளைத் தாம்பாளம் நழுவிக் கல் தரையில் விழுந்தது. அவ்வோசை கேட்டு வீடே விழித்துக்கொண்டது. வாயிற்படியருகே, அடுக்களைக்கு முதுகு காட்டி விழித்துக் கிடந்த குட்டியோ காதுகூட அசைக்கவில்லை. பாட்டி அதனை உற்று நோக்கினார், பின்னால் நின்று கை தட்டினார், அது திரும்பவில்லை. காலால் தரையை ஓங்கி மிதித்தார். அதிர்வை உணர்ந்த குட்டி உடனே திரும்பி, அவரைக் கண்டு வாலை ஆட்டியது. பாட்டி தம் மகனை அழைத்தார்.

“ஐயா, சொன்னதைக் கேட்கவில்லை என்று அடித்தாயே! அதற்குக் காதே கேட்கவில்லையே!” என்றார்.

தந்தை ஒன்றும் பேசவில்லை. குட்டியின் அருகே அமர்ந்து அதன் தலையைத் தடவினார். குச்சியை நெடுநாள் அறிந்த அக்குட்டி, அக்கையையும் நக்கியது.

கால்நடை மருத்துவர் குட்டியைப் பார்த்து, அது பிறவிச் செவிடு என்று உறுதி செய்தார். உடல் முழுதும் வெண்மையான நாய்களில் இக்குறை சிலவற்றிற்கு உண்டு. உடலுக்கு நிறமளிக்கும் உயிரணுக்கள் உட்செவிக்கும் இன்றியமையாதவை. அவை அங்கு இல்லையெனின், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உறுப்புச் சிதைந்துவிடும். டால்மேசியன் என்னும் அயல்நாட்டு இனத்திலும் இதனைக் காணலாம். அக்குட்டி கடித்ததும் சினத்தால் அன்று. ஒலியற்ற உலகில் உறங்கியபோது திடுமெனத் தொடப்பட்ட அச்சத்தால் ஆகும்.

அன்று முதல் அவ்வீட்டில் சொல்லுக்கு மாறாகச் சைகை வழங்கலாயிற்று. உள்ளங்கையை உயர்த்தினால் உட்காரவேண்டும். கையை மார்பை நோக்கி அழைத்தால் வரவேண்டும். கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டுதலே பாராட்டு. குட்டி உறங்கும்போது யாரும் அதனைத் தொடுவதில்லை. எழுப்ப வேண்டுமெனின் தரையை மெல்லத் தட்டுவர், அல்லது மூக்கருகே கையை நீட்டுவர். வண்டியின் ஓசை அதற்குக் கேளாது ஆகையால், தெருவில் கயிறின்றி விடுவதே இல்லை. ஒரு மாதத்திற்குள் முத்து அச்சைகைகளை எல்லாம் கற்றது. எங்கிருந்தாலும் அடிக்கொருமுறை திரும்பி வீட்டாரின் முகத்தை நோக்கும் வழக்கமும் அதற்கு உண்டாயிற்று. தங்கையே அதற்கு நாள்தோறும் உணவிடலானாள்.

எல்லாக் குட்டிகளும் செவிடு அல்ல. ஆனால் இணங்காத குட்டி ஒவ்வொன்றிற்கும் ஏதேனும் ஒரு காரணம் உண்டு. வயிற்றில் புழு இருக்கலாம், ஈறு வலிக்கலாம், பசியோ அச்சமோ இருக்கலாம், அல்லது கற்பித்தவர் தெளிவாகக் கற்பிக்காமல் இருக்கலாம். காரணத்தை அறியாது ஓங்கப்படும் கோல், பெரும்பாலும் குற்றமற்ற முதுகின்மேலேயே விழுகின்றது.

அன்போடு முன்னெச்சரிக்கையும் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் குறித்த நாட்களில் மீண்டும் இடுதல் வேண்டும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் மருத்துவர் கூறும் காலத்தில் மறு ஊசியும் இன்றியமையாதன. ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கி விடாது, கையில் ஏந்திச் சென்று வண்டிகளையும் மனிதரையும் காட்டலாம், பழகுங்காலம் வீணாகாது.

வெறிநோய் கண்டபின் அதிலிருந்து பிழைத்தோர் மிக மிகச் சிலரே. ஆனால் அது வருமுன் தடுக்கத்தக்கது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு 1885-ஆம் ஆண்டில் தடுப்பூசி இட்டுக் காத்தார். அவர் பெயரால் குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நிலையம் தென்னாட்டு மக்களுக்கு அப்பயனை அளித்தது. எந்த நாய் கடித்தாலும், குட்டியின் பல் சிறிதே கீறினாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். சுண்ணாம்பும் மிளகாயும் அப்புதல் கேடு பயக்கும். வீட்டாருக்கு அஞ்சிக் கடியை மறைத்தல் உயிருக்கே ஊறாய் முடியும். மாணவர் இதனை ஒருபோதும் மறத்தல் ஆகாது.

நாயை வளர்க்க விரும்பாதவர் வளர்க்காதிருத்தல் குற்றமன்று. வளர்க்கத் தொடங்கி நடுவில் கைவிடுதலே குற்றம். பசியாலும் நீர்வேட்கையாலும் வருந்துமாறு விலங்கினைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதையும், மிகக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் பிணித்து வைப்பதையும் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் குற்றமென விதித்துள்ளது. சட்டத்திற்கு அஞ்சுபவர் சிலர். தம் நெஞ்சிற்கு அஞ்சுபவரே உயர்ந்தோர்.

குருளையைப் பழக்க முற்படுபவர்க்கு முதலில் வேண்டுவது தம்மைப் பழக்கிக்கொள்ளுதல். காலந்தவறாமை இல்லாதவர் குட்டிக்குக் காலத்தைக் கற்பித்தல் இயலாது. சினத்தை அடக்காதவர் அதன் கடியை அடக்குதல் இயலாது. இன்றொரு சொல்லும் நாளையொரு சொல்லும் உடையவரிடம் அது எந்தச் சொல்லையும் கற்காது. நாயின் வாழ்நாள் பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள். அவற்றுள் பொறுமையை மிகுதியாகக் கேட்பது முதலாண்டு ஒன்றே. அவ்வோராண்டு அன்பையும் பொறுமையையும் விதைப்பவர், எஞ்சிய ஆண்டுகளெல்லாம் வாயிலில் காத்து நிற்கும் ஒரு தோழனைப் பெறுவர்.